சித்தியின் பங்கு

நான் அரசுக் கல்லூரியில் தத்துவம் கற்பிக்கிறவள். செல்வத்தைப் பங்கிடுவதில் எது நியாயம், அரசாங்கம் அதில் எவ்வளவு தூரம் கை வைக்கலாம் என்பது நான் எடுக்கும் பாடங்களில் ஒன்று. பிள்ளைகளுக்குப் பிடித்த பாடமும் அதுதான். சண்டை போட அதில் நிறைய இடம் உண்டு.

எனக்குச் சண்டை போட வீட்டிலேயே ஆள் இருந்தது. என் அண்ணன். ஊரில் சாலை என்று பேர் சொல்லும் பெரிய கடைத்தெருவில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் வாசித்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் மதியச் சாப்பாடு. சாப்பிட்ட கை காயும்வரை பேசுவோம்.

"ஒருத்தன் யாரையும் ஏமாத்தாம சம்பாதிச்சது அவனுக்குள்ளது. அதப் பிடுங்கி இன்னொருத்தனுக்குக் குடுக்க அரசாங்கம் யாரு?" என்பார்.

"அப்போ இல்லாதவன் என்ன செய்வான்?"

"அவனுக்கு வீடு இல்லியா, சொந்தம் இல்லியா? மனுஷன் மனுஷனுக்குச் செய்யுவான். நடுவுல ஆபீசு எதுக்கு?"

நான் எதிர்த்துப் பேசுவேன். யார் எந்த வீட்டில் பிறக்கிறார்கள் என்பது அவரவர் கையில் இல்லை, அதைச் சரிக்கட்ட ஒரு பொது ஏற்பாடு வேண்டும் என்பேன். அண்ணி மோர் கொண்டுவந்து வைப்பாள். அதோடு விவாதம் முடியும். இருவருமே எதையும் இழக்காமல் எழுந்திருப்போம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வார்டு கவுன்சிலர் என்னைத் தேடி வந்தார். வயதில் என்னைவிட இளையவர். ஓட்டுக்கூரையும் ஷீட் கூரையும் பழுதான வீடுகளில் கூரையையும் சுவரையும் சரிசெய்ய மாநகராட்சி உதவி வந்திருக்கிறது, விண்ணப்பம் நிறைய, கிடைப்பதோ சில வீடுகளுக்கு மட்டும். வீடு வீடாகப் போய்ப் பார்த்து, யாருக்கு முதலில் என்று வரிசை எழுதி, வார்டு மக்கள் கூடுகிற வார்டு சபையில் வைக்க ஒரு குழு வேண்டும் என்றார்.

"டீச்சர் கிளாசில சொல்லுகதையெல்லாம் இங்க ஒண்ணு செஞ்சு காட்டுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் குத்தியது. சரி என்றேன்.

குழுவில் ஐந்து பேர். மின்சார அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்களுக்குத் தலைவர். எல்லோரும் அவரை சார் என்றே கூப்பிட்டோம். அரசாங்கம் தந்த படிவத்தில் கேள்விகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். விதவையா, அறுபது வயது கடந்தவரா, தனியாக இருக்கிறாரா, வேலை செய்யும் வயதில் வீட்டில் ஆண் உண்டா. கூட்டிப் போட்டால் வரிசை வந்துவிடும். அதன்பின் சபை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் போன வீடுகளில் ஒன்று ஓடைக்கரையில் இருந்தது. இரண்டு செண்ட் நிலம், ஒரே அறை. கணவன் சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குகிற தொழிலாளி. ஒரு நாள் லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்ததில் முதுகெலும்பு அடிபட்டுப் படுக்கையாகிவிட்டான். மனைவி ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். இரண்டு பெண் குழந்தைகள். கூரையின் சிமெண்ட் ஷீட் உடைந்த இடத்தில் ஏதோ நகைக்கடையின் பழைய ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்தார்கள். அவன் படுத்திருந்த கட்டிலுக்கு நேர் மேலே, கழுத்து நிறையத் தங்கம் போட்ட மணப்பெண் ஒருத்தி வெயில் வெளிச்சத்தில் தலைகீழாகத் தெரிந்தாள்.

படிவத்தைப் பார்த்து நான் கேட்டேன். "வேலை செய்யுக வயசுல ஆண் உண்டா?"

அவள் கணவனைப் பார்த்தாள். "ஆள் உண்டு டீச்சரே. ஆள் எழும்பணுமே."

உண்டு என்று எழுதுவதைத் தவிர படிவத்தில் வேறு வழி இல்லை. எழுதினேன். மதிப்பெண் குறைந்தது.

குழு மறுபடி கூடிய அன்று சார் பட்டியலை வாசித்தார். முதல் பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் சித்தி. அம்மாவின் தங்கை.

சித்தி விண்ணப்பித்தது எனக்குத் தெரியாது. வலியசாலையில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். சித்தப்பா கல்யாணமான நாலாம் வருடமே போய்விட்டார். குழந்தை இல்லை. துணிக்கடைகளுக்குச் சேலை ஃபால்ஸ் தைத்துக் கொடுத்து வாழ்ந்தாள். கண் மங்கிய பிறகும் தைத்தாள். படிவத்தின் எல்லாக் கேள்விக்கும் அவளிடம் முழு மதிப்பெண்ணுக்கான பதில் இருந்தது. படிவம் கேட்காத விஷயம் ஒன்று. அந்த வீடு நிற்பது ஏழு செண்ட் நிலத்தில். ஊரின் நடுவே, கோட்டைக்குப் பக்கத்தில் ஏழு செண்ட் என்றால் அதற்கு என்ன விலை என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தரகர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போவார்கள். சித்தி கதவைத் திறக்கமாட்டாள்.

ஓடைக்கரை வீடு பட்டியலில் கீழே, உதவி எட்டாத இடத்தில் இருந்தது.

"சார், முதல் பேரு எனக்க சித்தியாக்கும். அந்த விண்ணப்பத்தில நான் ஒண்ணும் சொல்லப்படாது. ஆனா இந்த வரிசை சரியில்ல" என்றேன்.

"ஃபார்ம்படி போனா நமக்குத் தலைவேதனை இல்ல டீச்சரே" என்றார் சார். "சித்திக்குக் கிடைச்சா நல்லதுதானே? பின்னே என்ன?"

"வரிசையச் சபையில வாசிக்கும்போ, எதுனால இந்த வரிசைன்னும் சேத்து வாசிக்கணும். இடம் எவ்வளவு, வருமானம் என்ன, எல்லாம். சபை தீர்மானிக்கட்டும்."

அவருக்கு இஷ்டமில்லை. மற்ற மூவரும் யோசித்துவிட்டு என் பக்கம் வந்தார்கள்.

சித்தியிடம் போய் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த வாரம் முழுக்கத் தோன்றியது. போகவில்லை. போனால் அவள் முகத்தைப் பார்த்து என் உறுதி கரைந்துவிடும் என்று பயந்தேன். அதை அப்போது கொள்கை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட ஹாலில் வார்டு சபை. சித்தி வெளுத்த சேலை உடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தது அண்ணன். பின்வரிசையில் ஓடைக்கரைப் பெண், சின்ன மகளை மடியில் வைத்துக்கொண்டு.

சார் வாசித்து முடித்ததும் நான் எழுந்தேன். முதல் பெயர் என் சித்தியுடையது என்பதைச் சொன்னேன். ஏழு செண்டையும் சொன்னேன். ஓடைக்கரை வீட்டில் என்ன பார்த்தேன் என்பதையும் சொன்னேன்.

முதலில் எழுந்தது அண்ணன். "இது என்ன நியாயம்? அரசாங்கம் ஒரு சட்டம் போட்டிருக்கு. அதுப்படி எங்க சித்திக்கு முதல் உரிமை. அவங்க வரி கட்டுகாங்க. அவங்களுக்குக் கிடைக்கத்தான் வேணும்."

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஞாயிறுதோறும் அரசாங்கம் எதற்கு என்று கேட்கிற மனிதர்!

பிறகு சித்தி எழுந்தாள். மைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்று கையால் தள்ளினாள்.

"நான் இந்த ஊருக்கு ஒரு தொந்தரவும் குடுத்ததில்ல. வீட்டு வரி, கரண்டு பில்லு ஒண்ணும் முடக்கினதில்ல. கண்ணு போக ஃபால்ஸ் தச்சு ஜீவிச்சேன். இத்தன வயசுல ஒரு தடவ கேட்டேன். இடம் இருக்குன்னு சொல்லுகா. இடத்தத் தூக்கித் தலைக்கு மேல பிடிச்சா மழையில நனையமாட்டேனா?"

சிலர் கை தட்டினார்கள். ஆனாலும் உட்காரவில்லை.

"சித்தி, இடத்த வச்சா பாங்குல கடன் கிடைக்கும். சொந்தம்னு நாங்க இருக்கோம். அவங்களுக்கு ரெண்டுமில்ல."

சித்தி அண்ணனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பார்வையின் அர்த்தம் அன்று எனக்குப் புரியவில்லை.

கவுன்சிலர் ஓடைக்கரைப் பெண்ணிடம் ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டார். அவள் எழுந்து, "எனக்கு அந்த அம்மைக்கு முன்னால போகணும்னு இல்ல. ரெண்டு பேருக்கும் தந்தா நல்லாயிருக்கும்" என்றாள். இந்த வருடம் அது முடியாது என்றார் கவுன்சிலர். அஞ்சு செண்டுக்கு மேல் சொந்த நிலம் உள்ளவர்கள் பட்டியலில் பின்னால் போகலாமா என்று கை தூக்கச் சொன்னார்கள். பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. என் கையும்.

மறுநாள் சாயங்காலம் சித்தி வீட்டுக்குப் போனேன். என் சம்பளத்தில் கூரையை மாற்றித் தருவதாகச் சொல்லத்தான் போனேன். ஆசாரியிடமும் பேசி வைத்திருந்தேன். சித்தி கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"ஒனக்க பிச்சை எனக்கு வேண்டாம்."

"பிச்சையா? நான் ஒங்க பிள்ளை மாதிரிலா சித்தி?"

"அரசாங்கம் தந்தா தலை நிமிந்து வாங்கியிருப்பேன். எல்லாருக்கும் உள்ளது எனக்கும்னு வாங்கியிருப்பேன். ஒங்கிட்ட வாங்கினா ஒவ்வொரு மழைக்கும் ஒனக்க மொகம் ஞாபகம் வரும். அது வேண்டாம்னுதான் அங்க கேட்டேன்."

அவள் நிறுத்தவில்லை.

"சொந்தம் இருக்குன்னு சபையில சொன்னியே. ஒனக்க அண்ணன் கடை நிக்கிற மண்ணுல பாதி யாருக்குள்ளதுன்னு ஒனக்குத் தெரியுமா? எனக்க சொத்தெல்லாம் வாசிச்சியே, அத வாசிச்சியா? நான் அங்க சொல்லியிருக்கலாம். குடும்ப மானம்னு வாய அடச்சேன். நீ அதையும் பாக்கல்ல."

உள்ளே போய்விட்டாள்.

நான் தெருவில் நின்றேன். அவள் சொன்னது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்ததை ஒருநாளும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். சாலைக் கடைத்தெருவில் உள்ள அந்தக் கடை அம்மாவைப் பெற்ற தாத்தாவுடையது. அவருக்கு இரண்டு மகள்கள். தாத்தா போன பிறகு, கடையை இரண்டாக்கினால் இரண்டும் நிற்காது என்று சொல்லி, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சித்தியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கடை முழுதும் அம்மா பேருக்கு வந்தது, பிறகு அண்ணன் பேருக்கு. என் பள்ளிக்கூடம், கல்லூரி, ஹாஸ்டல் எல்லாம் அந்தக் கடை வருமானத்தில். நியாயமான பங்கீடு பற்றி நான் படித்த ஒவ்வொரு பக்கத்துக்கும் சித்தியின் பங்கிலிருந்து பைசா போயிருக்கிறது. வருடக்கணக்காக அந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஒரு தடவைகூட என் வீட்டை அதில் வைத்துப் பார்த்ததில்லை.

வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தால் கூரை மாறாது. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

சனிக்கிழமை மதியம் கல்லூரி விடுமுறை. நேராகக் கடைக்குப் போனேன். அண்ணன் அரிசி மாதிரியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, சித்தி சொன்னதைச் சொன்னேன்.

அவர் அரிசியைச் சாக்கில் போட்டார். "அது முறைப்படி எழுதினது. யாரும் கழுத்துல கத்தி வைக்கல்ல. ஏமாத்தல்ல. அவங்களா போட்ட கையெழுத்து."

"சித்தப்பா செத்து நாப்பத்தொண்ணாம் நாள் சடங்குகூட கழியல்ல அப்போ. அழுதுகிட்டு இருந்த பொம்பளைக்கு முன்னால பேப்பர நீட்டினா, வேற என்ன செய்வாங்க?"

"கடை பிரிஞ்சிருந்தா நாசமாயிருக்கும். அது நெசமாக்கும்."

"நெசந்தான். பிரியல்ல. கடை நின்னுது. நின்ன கடையில சித்திக்கு என்ன கிடைச்சுது?"

"நான் வேலை செஞ்சு உண்டாக்கின கடை இது. காலையில அஞ்சு மணிக்கு நான் வந்து திறந்தேன். சித்தியா வந்தா?"

"நீங்க உழைச்சது ஒங்களுக்குள்ளது அண்ணே. அத நான் கேக்கல்ல. மண்ணு ஒங்க உழைப்பு இல்லியே. அதுக்கு வாடகை குடுங்க. பாதி வாடகை. எழுதிக் குடுங்க."

ஒரு வாடிக்கையாளர் வந்தார், அவரிடம் திரும்பிக்கொண்டார். நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதே மூட்டை. அண்ணன் கோபமாக இருந்தார். "கேக்கது எளுப்பம், குடுக்கதுதான் கஷ்டம். ஒனக்க படிப்புக்கும் அதே கடைக் காசுதானே போச்சு?"

"ஆமா. அதனாலதான் கூரைச் செலவு முழுக்க எனக்குள்ளது. வாடகை ஒங்களுக்குள்ளது. நான் ஒங்களுக்கு எதிரா வந்து நிக்கல்ல. ரெண்டு பேரும் ஒரே பக்கந்தான் நிக்கோம்."

மூன்றாவது சனிக்கிழமை அண்ணி வீட்டிலிருந்து போன் பண்ணி, குடும்பத்தைக் கோர்ட்டில் ஏற்றப் போகிறாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். கோர்ட்டில் போனால் சித்தி தோற்பாள், கையெழுத்து இருக்கிறது, அது எனக்குத் தெரியும். சட்டம் முடிந்த இடத்தில் நின்றுதான் கேட்கிறேன் என்றேன். அண்ணிக்கு அது புரிந்ததா தெரியவில்லை.

அன்று அண்ணன் வேறு திசையில் வந்தார். "செரி. நான் குடுத்தா, நான் சொன்னதுதானே சரி? குடும்பமே பாத்துக்கிட்டுது. ஒனக்க அரசாங்கம் எதுக்கு?"

"ஓடைக்கரையில கெடக்கவனுக்கு யாரு கடையிலயும் பங்கு கெடையாதே அண்ணே."

"அவன எனக்குத் தெரியும்" என்றார் அண்ணன். குரல் தணிந்திருந்தது. "நம்ம லோடும் எறக்கியிருக்கான். நல்ல வேலைக்காரன். ஆஸ்பத்திரியில கெடந்தப்போ பைசா குடுத்தனுப்பினேன்."

"எத்தன தடவ?"

அவர் தெருவைப் பார்த்தார். ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் மூட்டைக்குத் தோள் கொடுத்து நின்றார்கள்.

"ஒரு தடவ" என்றார்.

"ஒங்க மனசு நல்ல மனசுதான். ஆனா நீங்க மறந்து போனா அவன் எங்க போய்க் கேப்பான்? மறக்காத ஒரு எடம் வேணும்லா? அதுக்குத்தான் ஆபீசு."

நாலாவது சனிக்கிழமை நான் மூட்டைமேல் உட்காருவதற்கு முன்னாலேயே அவர் மேசை இழுப்பிலிருந்து ஒரு முத்திரைத்தாளை எடுத்துத் தந்தார். அவரே எழுதியிருந்தார். மாதாமாதம் சித்தி பேருக்கு, அவள் உள்ளவரை. "வாடகைன்னு எழுதியிருக்கேன்" என்றார். "உதவின்னு எங்கயும் எழுதல்ல."

எதனால் மனம் மாறினார் என்று நான் கேட்கவில்லை. என் வாதத்தில் தோற்று மாறியதாக நான் நினைக்கவும் இல்லை. வாராவாரம் வந்து உட்கார்ந்தது ஒரு காரணமாக இருக்கலாம். அந்தக் காலத்துச் சித்தியின் முகம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கலாம். கையெழுத்துப் போட்ட அன்று பேனாவை எடுத்துக் கொடுத்தது அவர்தான் என்று பிறகு ஒருநாள் அண்ணி சொன்னாள்.

இருவருமாகச் சித்தி வீட்டுக்குப் போனோம். அண்ணனைப் பார்த்ததால் கேட் திறந்தது. சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், தாளை வரி வரியாக வாசித்தாள். இரண்டாவது தடவையும் வாசித்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க வாடகை கூட்டணும். ஊருல எல்லாரும் கூட்டுகாளே" என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அந்த வரியைச் சேர்த்தார்.

கூரைச் செலவைச் சித்தி என்னிடம் வாங்கிக்கொண்டாள், பழைய வருடங்களின் வாடகை என்று அவளே பேர் வைத்து. ஆசாரி பழைய ஓடுகளைப் பிரித்து மாற்றுவதற்கும் மழை தொடங்குவதற்கும் சரியாக இருந்தது. ஆனால் என்னிடம் அவள் மழை முடிகிறவரை சரியாகப் பேசவில்லை. ஓணத்துக்கு முந்தின வாரம் கோவிலில் பார்த்தபோது அவளாகவே நின்றாள்.

"நீ சபையில சொன்னது செரியா இருக்கலாம்" என்றாள். "அந்தப் பெண்ணு வீட்ட நானும் போய்ப் பாத்தேன். ஆனா முன்னால வந்து எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? பேப்பர்ல உள்ள பேரு மாதிரிதானே என்னைய வாசிச்ச."

"தப்புதான் சித்தி" என்றேன். இனி எந்தப் பட்டியலை வாசித்தாலும், கீழே போகிறவர் வீட்டுக்கு முதலில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வாசிப்பேன் என்று அன்று முடிவு செய்தேன். இதுவரை அதை மீறவில்லை.

ஓடைக்கரை வீட்டுக்கு உதவி வர ரொம்பத் தாமதமானது. முதல் தவணை வரும்போது மழை தொடங்கி வாரங்கள் ஆகியிருந்தன. அதுவரை அந்த ஃப்ளெக்ஸ்தான். மாநகராட்சி அலுவலகத்துக்கு நான் போன தடவைகளை எண்ணவில்லை. ஒருநாள் அலுவலர் லீவு, ஒருநாள் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, ஒருநாள் கோப்பில் ஒரு தாள் குறைகிறது. "பாத்தியா ஒனக்க மறக்காத எடத்த?" என்று அண்ணன் கேட்டார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. அரசாங்கம் தானாக ஞாபகம் வைத்துக்கொள்ளாது, யாராவது போய் நின்று ஞாபகப்படுத்த வேண்டும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்த வராந்தாவில் நின்றுதான் படித்தேன்.

இப்போது அங்கே புதிய ஷீட் போட்டாகிவிட்டது. சுவருக்குரிய இரண்டாம் தவணை இன்னும் வரவில்லை. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறான் என்று அவன் மனைவி சொன்னாள். பிடிக்கிற அந்தச் சுவர் ஈரத்தில் ஊறி நிற்கிறது. புதன்கிழமைதான் அந்தப் பிரிவு அலுவலர் இருக்கையில் இருப்பார். வருகிற புதனுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளும் ஓட்டலில் சொல்லிவிட்டு வருகிறாள். அலுவலகம் திறப்பதற்கு முன்னாலேயே இருவரும் போய் வாசலில் நிற்கப் போகிறோம்.